ஐந்தாவது கை

கடல்வாழ் உயிரினப் பயிற்சி நிறுவனத்திலிருந்து கடலைப் பார்க்கப் போக வேண்டுமென்றால் ஒரு ராத்திரி முழுக்க ரயிலில் உட்கார்ந்திருக்க வேண்டும். அங்கே வேலை பார்ப்பவர்களில் பாதிப்பேர் அப்படிப் போனதே இல்லை. கடல் எங்கே ஓடிவிடப்போகிறது, மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று இயக்குநர் சொல்வார். அவருடைய அறையில் ஒரு பெரிய கண்ணாடித் தொட்டி இருந்தது. அதில் பிளாஸ்டிக் மீன்கள் நீந்தின. உயிருள்ள மீன்களுக்குத் தீனி போட வேண்டும், தண்ணீர் மாற்ற வேண்டும், அப்புறம் அவை செத்து வேறு தொலைக்கும்.

கட்டடத்தின் கடைசியில் இருந்த ஆய்வகத்தில்தான் டெய்லரின் மனைவி வேலை பார்த்தாள். மாணவர்கள் அவளை லேப் அம்மா என்று கூப்பிட்டார்கள். ஜாடிகளைத் துடைப்பது, மருந்துத் தண்ணீர் மாற்றுவது, லேபிள் எழுதி ஒட்டுவது, பேனா கசிந்தால் ஆய்வகக் கோட்டின் கையிலேயே துடைத்துக்கொள்வது, எல்லாம் அவள்தான். மழை பிடித்துக்கொண்ட ஒரு வாரம் இருமிக்கொண்டிருந்தாள். அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தாள். அதற்கடுத்த வாரம் எங்கேயும் இல்லை.

இரங்கல் கூட்டத்தில் இயக்குநர் பேசினார்.

"நமக்கு ஒரு கை போயிடுச்சு. ஆனா நாம யாரு? நட்சத்திர மீனைப் பத்திப் படிக்கிறவங்க. ஒரு கை போனா நட்சத்திர மீன் மூலையில உக்காந்து அழுவுதா? இல்ல. புதுசா ஒண்ணு வளத்துக்குது. இந்த நிறுவனமும் அப்படித்தான். அம்மா இருந்த இடத்துல நாளைக்கே டெய்லர் முளைப்பார். எல்லாரும் கை தட்டுங்க."

எல்லோரும் கை தட்டினார்கள். பிறகுதான் இது இரங்கல் கூட்டம் என்று ஞாபகம் வந்து ஒருவர் எழுந்து நின்றார். உடனே எல்லோரும் எழுந்து மௌனமாக நின்றார்கள்.

தான் முளைக்க வேண்டும் என்பது கடைசி வரிசையில் மகளோடு உட்கார்ந்திருந்த டெய்லருக்கு அப்போதுதான் தெரியும். முன்னறையில் தையல் மிஷின் போட்டுக்கொண்டு கிழிசல் தைத்துக்கொண்டிருந்த மனிதர். புதுத் துணி தைக்க யாரும் வருவதில்லை. எல்லோரும் கடையில் தொங்குவதை வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். கருணை அடிப்படையில் மனைவியின் வேலை அவருக்கு என்றார்கள். கருணைக்கு ஒரு நிபந்தனை இருந்தது. வருஷக் கடைசியில் நிறுவனத்தின் அடிப்படைச் செய்முறைத் தேர்வில் தேற வேண்டும். வாய்ப்பு ஒன்றே ஒன்று. தேறினால் வேலை நிரந்தரம். தேறாவிட்டால் வேலையும் போகும், கட்டடத்துக்குப் பின்னால் இருக்கும் இரண்டு அறைக் குடியிருப்பும் போகும். மகளுக்கு அது பள்ளிக்கூடத்தின் கடைசி வருஷம்.

"ஊசியில நூல் கோக்கறவருக்கு மீன் என்னப்பா பெரிய விஷயம்? அம்மா ஜாடியைத் துடைச்சுக்கிட்டே அதோட பேசிட்டிருப்பாங்களாம்" என்றாள் மகள்.

தேர்வின் பெயர்: நட்சத்திர மீனின் வெளியமைப்பை அறுத்து அறிதல்.

முதல் வகுப்பில் டெய்லர் கையைத் தூக்கினார். அவரைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களுக்கு அவர் மகளைவிட ஒன்றிரண்டு வயது கூட இருக்கலாம்.

"சார், வெளியமைப்புன்னா வெளிய இருக்கறதுதானே?"

"ஆமா" என்றார் பேராசிரியர்.

"அதைப் பாக்க எதுக்கு சார் அறுக்கணும்?"

பேராசிரியர் சாக்பீஸைக் கீழே வைத்தார். இத்தனை வருஷத்தில் யாரும் கேட்டதில்லை என்பது அவர் வைத்த விதத்தில் தெரிந்தது.

"டெய்லர், ஒரு சட்டையைப் பாத்தே அளவு சொல்வீங்களா, பிரிச்சுப் பாத்துச் சொல்வீங்களா?"

"பாத்தே சொல்லிடுவேன் சார்."

"அதனாலதான் நீங்க டெய்லர், நான் பேராசிரியர். அறுக்காம பாத்தா அது வேடிக்கை. அறுத்துப் பாத்தாத்தான் படிப்பு. உக்காருங்க."

டெய்லர் உட்கார்ந்தார். உடனே எழுந்தார், கத்திகளை விநியோகிக்க வேண்டியதும் அவர்தான். ஆளுக்கொரு கத்தி, ஆளுக்கொரு இடுக்கி, ஆளுக்கொரு தட்டு. மீன் மட்டும் ஒன்று. மொத்த நிறுவனத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு நட்சத்திர மீன், மேஜையின் நடுவே ஜாடிக்குள் சாய்ந்து கிடந்தது. அதை அறுத்துவிட்டால் அடுத்த வகுப்புக்கு எதை அறுப்பது? அதனால் அதை அறுக்கக் கூடாது என்று விதி. அறுக்காமல் படிக்கக் கூடாது என்பதும் விதி. இரண்டையும் மீறாமல் பாடம் நடத்தப் பேராசிரியர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். அதற்காக அவருக்கு ஒரு கேடயம்கூடக் கொடுத்திருந்தார்கள்.

"தட்டுக்கு மேல ஒரு சாண் உயரத்துல கத்தியைப் பிடிங்க. மீன் அங்க இருக்கு. இருக்குதா?"

"இருக்கு சார்!"

"கையோட நுனியில ஆரம்பிங்க. மெதுவா இழுங்க. மெதுவா... ஏய், ஜன்னலோரம்! என்ன இவ்வளவு ஆழமாப் போறீங்க? வயிறு கிழிஞ்சு போச்சு பாருங்க. வெளிய நில்லுங்க."

வயிற்றைக் கிழித்த மாணவன் தலையைக் குனிந்தபடி வெளியே போய் நின்றான். டெய்லருக்குப் பக்கத்தில் இருந்த பெண் உதடு அசையாமல் சொன்னாள்: "டெய்லரண்ணே, என் மீன் துள்ளி உங்க தட்டுல விழுந்துடுச்சு. எடுத்துக் குடுங்க."

டெய்லர் ஒரு கணம் நிஜமாகவே குனிந்து பார்த்தார்.

வகுப்பு முடிந்ததும் கத்திகளை எல்லாம் கழுவினார். ஒன்றிலும் ஒட்டிக்கொண்டிருக்க எதுவும் இல்லை. அறுத்த கத்தியைக் கழுவ வேண்டும் என்பதும் விதியாக இருந்ததால் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினார். மனைவி இத்தனை வருஷம் கை நோகக் கழுவியது இதைத்தானா என்று நினைத்துக்கொண்டார்.

இரண்டாவது வகுப்பு, கூர்ந்து நோக்குதல். ஜாடியைச் சுற்றி எல்லோரும் நின்றார்கள்.

"கைகள் எத்தனை?"

"ஐந்து!" என்றது வகுப்பு.

"நாலு சார்" என்றார் டெய்லர்.

பொய் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை. மீனுக்கு நாலு கைதான் இருந்தது. ஐந்தாவது இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மொட்டைத் தழும்பு. ஜாடியின் மேல் ஒட்டியிருந்த லேபிளிலும் அப்படித்தான் எழுதியிருந்தது, அவர் மனைவியின் சாய்வான கையெழுத்தில்: 'நட்சத்திர மீன். கைகள் நான்கு. ஐந்தாவது, வந்தபோதே இல்லை.'

"புத்தகத்துல எத்தனை போட்டிருக்கு?"

"அஞ்சு சார்."

"புத்தகத்துல அஞ்சுன்னா ஜாடியிலயும் அஞ்சுதான். உங்களுக்கு நாலு தெரிஞ்சா அது உங்க கண்ணுக்கும் உங்களுக்கும் உள்ள பிரச்சினை."

வகுப்பு சிரித்தது. டெய்லருக்கு இந்தக் கதை புதிதில்லை. வீட்டில் சாப்பிடும்போது மனைவி சொல்லிச் சிரித்த கதைதான். எப்போதோ தலைமையகத்திலிருந்து சாமான் கணக்குப் பார்க்க வந்தவர்கள், ஒரு கை எங்கே என்று கேட்டுவிட்டார்கள். யார் தலையை உருட்டுவது என்று எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தபோது இயக்குநர் பாடப்புத்தகத்தைப் புரட்டினார். இழந்த கை மீண்டும் வளரும் என்று அதில் அச்சில் இருந்தது. அவ்வளவுதான், பிரச்சினை தீர்ந்தது. கை வளர்ந்துகொண்டிருக்கிறது என்று தலைமையகத்துக்கு எழுதிவிட்டார். அவர்களும் சந்தோஷப்பட்டு, மாதாமாதம் வளர்ச்சியைத் தெரிவிக்கவும் என்று பதில் போட்டார்கள்.

தெரிவிக்கும் வேலை லேப் அம்மாவின் தலையில் விழுந்தது. 'வளர்ச்சி இல்லை. உயிர் இல்லை' என்று அவள் எழுதிக் கொடுத்தாள். இயக்குநர் திருப்பி அனுப்பினார்: 'உயிர் இருக்கிறதா என்று கேட்கப்படவில்லை. வளர்ச்சி எவ்வளவு என்றுதான் கேட்கப்பட்டது.'

"செத்ததுக்கு வளர்ச்சி கேக்கறாங்கடி" என்று அவள் சொல்ல, மகள் புரையேறச் சிரிப்பாள். டெய்லர் அவள் தலையில் தட்டித் தண்ணீர் கொடுப்பார். ஒவ்வொரு மாதமும் மனைவி அதையேதான் எழுதிக் கொடுத்தாள். அதைக் குப்பையில் போட்டுவிட்டு ஒவ்வொரு மாதமும் இயக்குநர் தன் கைப்படக் கொஞ்சம் கொஞ்சமாக வளர்த்தார். அப்போது அந்த வீட்டில் அது வெறும் சிரிப்பு.

நாலு என்று டெய்லர் சொன்னது அன்றைக்கே இயக்குநர் காதுக்குப் போனது. கூப்பிட்டு அனுப்பினார்.

"உக்காருங்க டெய்லர். பொண்ணு எப்படிப் படிக்குது?"

"நல்லாப் படிக்குது சார்."

"படிக்கணும். வீடு இருந்தாத்தான் படிக்க முடியும்." பிளாஸ்டிக் மீன்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நான் அனுப்பின கணக்குப்படி போன மாசமே கை முழுசா வளர்ந்தாச்சு. கொஞ்சம் வேகமாப் போயிட்டேன்னு இப்பத் தோணுது. இந்த வருஷம் தேர்வாளர் தலைமையகத்துலேருந்து வர்றார். உங்களுக்குத் தேர்வும் வைப்பார், அந்தக் கையையும் நேர்ல பாக்கணுமாம். செத்த மீனுக்குக் கை வளர்த்த நிறுவனம் உலகத்துலயே நம்மளதுதான்னு அவருக்கு ஒரே பூரிப்பு."

"நான் என்ன சார் பண்ணணும்?"

"நீங்க டெய்லர்."

"ஆமா சார்."

"நான் எதுவும் சொல்லல. நீங்க டெய்லர்னு மட்டும் சொன்னேன். போய்ட்டு வாங்க."

வாசல்வரை போனவரைத் திரும்பக் கூப்பிட்டார். "உங்க வீட்டம்மா நல்ல உழைப்பாளி. ஆனா வளர்ச்சியில நம்பிக்கை இல்லாத அம்மா. அதை மட்டும் நீங்க பின்பற்றாதீங்க."

டெய்லர் துணிக்கடைக்குப் போனார். எந்தத் துணியும் பொருந்தவில்லை. வருஷக்கணக்கில் மருந்துத் தண்ணீரில் ஊறிய அந்த மீனுக்கு ஒரு நிறம் இருந்தது. வைக்கோலும் இல்லை, மண்ணும் இல்லை. கடைக்காரர் நாலைந்து துணிச் சுருளை இறக்கிப் போட்டுவிட்டு, "என்ன தைக்கறீங்க?" என்று கேட்டார். "கை" என்றார் டெய்லர். "முழுக்கையா அரைக்கையா?" என்றார் கடைக்காரர். டெய்லர் துணிகளைச் சுருட்டிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்.

வீட்டில், கதவுக்குப் பின்னால் மனைவியின் ஆய்வகக் கோட்டு தொங்கிக்கொண்டிருந்தது. அவர் தைத்துக் கொடுத்ததுதான். அதே மருந்துத் தண்ணீர் வருஷக்கணக்கில் தெறித்துத் தெறித்து, இரண்டு கைகளும் அந்த மீனின் நிறத்துக்கே வந்திருந்தன. அதை அவர் பார்த்ததை மகள் பார்த்தாள்.

"அப்பா. அம்மா கோட்டா?"

"கலர் அதுலதாம்மா இருக்கு."

அவள் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, கோட்டை அவளே எடுத்துவந்து மிஷின்மேல் வைத்தாள். "வலது கையை வெட்டுங்க. இடது கையிலதான் பேனாவைத் துடைப்பாங்க. அந்தக் கறை இருக்கட்டும்."

டெய்லர் வலது கையைப் பிரித்தார். எத்தனையோ பேருக்கு எத்தனையோ தைத்திருக்கிறார். இவ்வளவு நிதானமாக எதையும் தைத்ததில்லை. மகள் பாடப்புத்தகத்தை மடியில் வைத்துப் படித்தாள்.

"மேற்புறம் சொரசொரப்பானது. சிறுசிறு முட்கள் நிறைந்தது."

அவர் முடிச்சுத் தையலாகப் போட்டுக்கொண்டே போனார்.

"அடிப்புறத்தில் ஒவ்வொரு கையின் நடுவிலும் ஒரு பள்ளம். பள்ளத்தில் வரிசையாகக் குழாய்க் கால்கள்."

நடுவே மடிப்பு வைத்து, இரண்டு பக்கமும் நூலைச் சின்னச் சின்ன வளையமாக விட்டார்.

"கையின் நுனியில் கண்புள்ளி. அப்பா, நுனியில கண்ணாம்."

சிவப்பு நூலில் ஒரு புள்ளி வைத்தார். உள்ளே பஞ்சு அடைத்தார். பஞ்சு போதவில்லை. கோட்டில் வெட்டி மிஞ்சிய துண்டுகளையே சுருட்டி உள்ளே தள்ளினார். மகள் அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள். அப்புறம் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். டெய்லர் ஊசியைத் தேடுகிறவர் மாதிரி குனிந்துகொண்டார்.

தேர்வு நாளன்று காலையில் அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. இரண்டு அட்டைப் பெட்டிகளில் பாத்திரங்களை அடுக்க ஆரம்பித்தாள். "எதுக்கும் இருக்கட்டும்" என்றாள். அவர் தடுக்கவில்லை.

ஆய்வகத்தில் ஜாடியிலிருந்து மீனை எடுத்துத் தட்டில் வைத்திருந்தார்கள். ஐந்து கைகள். பேராசிரியர் அதைச் சுற்றிச் சுற்றி வந்து, நாலு கையோடு ஒரு நாளும் அதைப் பார்த்ததே இல்லை என்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டார். தேர்வாளர் பருத்த மனிதர். உள்ளே வந்தவர் மீனைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"நான் எத்தனையோ நிறுவனத்துக்குப் போயிருக்கேன். எல்லா இடத்துலயும் செத்தது செத்ததாவே கிடக்குது. ஒரு முன்னேற்றமும் கிடையாது. இங்கதான் செத்ததுகூட ஒத்துழைக்குது. இதுக்குப் பேர்தான் நிர்வாகம்."

இயக்குநர் அடக்கமாகத் தரையைப் பார்த்தார்.

முதல் ஆளாக டெய்லரைக் கூப்பிட்டார்கள். மீனின் முதுகில் சல்லடைத் தட்டு எங்கே? காட்டினார். குழாய்க் கால்கள்? காட்டினார். கண்புள்ளி? காட்டினார். எல்லாம் சரி என்று தேர்வாளர் தலையாட்டினார்.

"இப்ப அறுங்க."

டெய்லர் பழக்கதோஷத்தில் கத்தியை ஒரு சாண் உயரத்தில் பிடித்தார்.

"அங்க எங்க அறுக்கறீங்க? மீன் கீழ இருக்கு."

"நிஜமாவா சார்?"

"தேர்வுல மட்டும் நிஜம். அந்தப் புதுக் கையை அறுங்க. அதைப் பாக்கத்தானே இவ்வளவு தூரம் வந்தேன்."

டெய்லர் இயக்குநரைப் பார்த்தார். இயக்குநர் ஜன்னலைப் பார்த்தார். வேறு வழியில்லை. தான் போட்ட தையலிலேயே கத்தியின் முனையை வைத்து நுனியிலிருந்து இழுத்தார். நூல் ஒவ்வொன்றாக விட்டது. ஈரப் பஞ்சு வெளியே பிதுங்கியது. அதன் பின்னாலேயே சுருட்டி வைத்திருந்த துணித் துண்டு ஒன்று மெல்லப் பிரிந்து, தட்டில் விரிந்தது. அதில் ஒரு பொத்தான் இருந்தது.

எல்லோரும் தட்டை எட்டிப் பார்த்தார்கள்.

"இளசு சார்" என்றார் பேராசிரியர். "புதுசா வளர்ந்ததில்லையா."

தேர்வாளர் இடுக்கியால் பஞ்சைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். பொத்தானை இரண்டு தடவை புரட்டிப் பார்த்தார். டெய்லருக்கு வீட்டில் கட்டிவைத்த பெட்டிகள் கண்முன் வந்தன.

"இது எது?" என்றார் தேர்வாளர்.

"சார்... அது வந்து..."

"இது உள்ள இருந்ததா, வெளிய இருந்ததா?"

"உள்ள சார்."

"நம்ம தேர்வு எதைப் பத்தி?"

"வெளியமைப்பு சார்."

"அப்ப உள்ள இருக்கறதை எதுக்கு என்கிட்ட காட்டறீங்க? பாடத்திட்டத்துல இல்லாததை மாணவர் காட்டினா மார்க் குறைக்கணும். முதல் தடவைங்கறதால விடறேன். எடுத்து அப்பால போடுங்க."

இயக்குநர் மூச்சு விட்டார். டெய்லர் துணித்துண்டை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"கடைசிக் கேள்வி. நட்சத்திர மீனுக்கு ஒரு கை போயிடுச்சு. என்ன ஆகும்?"

மேஜையின் ஓரத்தில் காலி ஜாடி இருந்தது. அதில் அந்தச் சாய்வான கையெழுத்து அவரைப் பார்த்தபடி இருந்தது.

"உயிரோட இருந்தா..." என்று ஆரம்பித்தார்.

"என்னது?"

இயக்குநர் இருமினார். பேராசிரியரும் இருமினார். தேர்வாளரின் பேனா காகிதத்துக்கு மேல் நின்றது, ஒரு சாண் உயரத்தில். அதை அவர் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் இறக்கலாம்.

"வளரும் சார்" என்றார் டெய்லர்.

"எப்ப?"

"எப்பவும் வளரும் சார்."

"செத்த பிறகு?"

"செத்த பிறகும் சார்."

பேனா இறங்கியது. "தேர்ச்சி" என்றார் தேர்வாளர். பேராசிரியர் கை தட்டினார். அதைப் பார்த்து எல்லோரும் தட்டினார்கள்.

நிரந்தர ஊழியராக டெய்லருக்குக் கொடுக்கப்பட்ட முதல் வேலை, அந்த ஜாடிக்குப் புது லேபிள் ஒட்டுவது. 'நட்சத்திர மீன். கைகள் ஐந்து.' பழையதைச் சுரண்டி எடுக்க வேண்டாம், அதன் மேலேயே ஒட்டினால் போதும் என்றார் இயக்குநர், பெரிய மனது பண்ணி. டெய்லர் நான்கு மூலையிலும் பொட்டுப்போல் பசை தொட்டு ஒட்டினார். இயக்குநர் வந்து நகத்தால் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். "இப்படி ஒட்டினா எப்படி நிக்கும்? நல்லாத் தடவி ஒட்டுங்க" என்று பக்கத்திலேயே நின்றுகொண்டார். நல்லாத் தடவி ஒட்டினார். பசையில் ஊறி, கீழே இருந்த மை ஒரு கணம் மேலே தெரிந்தது. அப்புறம் காய்ந்தது.

வீட்டுக்குப் போனபோது மகள் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள்.

"பாஸா?"

"பாஸ்."

அவள் சிரிக்கவில்லை. "என்னப்பா கேட்டாங்க?"

"எல்லாம் நீ படிச்சுக் காட்டினதுதான்."

பையிலிருந்து பொத்தானை எடுத்துக் கொடுத்தார். அவள் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டே மறுகையால் பெட்டிக் கயிற்றை அவிழ்த்தாள். பாத்திரங்கள் ஒவ்வொன்றாகப் பழைய இடத்துக்குப் போயின.

அடுத்த மாதம் தலைமையகத்திலிருந்து உத்தரவு வந்தது. தேர்வின்போது ஐந்தாவது கை அறுக்கப்பட்டுவிட்டதாகத் தெரிகிறது. அது மீண்டும் வளர்வதை மாதாமாதம் அளந்து தெரிவிக்கவும். அடுத்த வருஷத் தேர்வுக்குள் வளர்ச்சி முழுமை பெற வேண்டும். சென்ற முறை இதில் காட்டிய ஆர்வத்தைப் பாராட்டி, இனி எல்லா நிறுவனங்களிலும் இதே முறை பின்பற்றப்படும்.

டெய்லர் ஜாடியைத் திறந்தார். இஞ்சு டேப்பை எடுத்து, பிரிந்த துணிக் கையை நீக்கிவிட்ட அந்தத் தழும்பின்மேல் வைத்தார். அளக்க அங்கே எதுவும் இல்லை. டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு, 'வளர்ச்சி தொடங்கியுள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். யாரும் திருப்பி அனுப்பவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினார். கோட்டு ஆணியில் ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. மைக்கறை படிந்த இடது கை அதில் இன்னும் இருந்தது. அடுத்த வருஷத்துக்குப் போதும்.